பட்டணத்துக்குத் திரும்பியவர்கள்

சென்னைப்பட்டணத்தின் தலைவிதி 1748 அக்டோபரில் ஐரோப்பாவில் ஒரு மேசைமேல் முடிவானது. ஊரின் பெயர் ஆக்கன். பிரெஞ்சுக்காரர்கள் அதை எக்ஸ்-லா-ஷபேல் என்பார்கள். எட்டு ஆண்டு நடந்த ஐரோப்பியப் போரை அங்கே முடித்து வைத்தார்கள். பிடித்ததையெல்லாம் அவரவர் திருப்பித் தரவேண்டும் என்பது பேச்சு. பிரான்ஸ் சென்னையை விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு இங்கிலாந்து, இன்றைய கனடாவின் கேப் பிரெட்டன் தீவிலுள்ள லூயிபூர் என்ற கோட்டைத் துறைமுகத்தை விட்டுக்கொடுத்தது. அட்லாண்டிக் கடலோரத்து மீன்பிடித் துறைமுகம் ஒன்றும் சோழமண்டலக் கரையின் துணிச் சந்தையும் இப்படித்தான் கைமாறின. சிந்தாதிரிப்பேட்டை நெசவாளியையோ, கரையில் படகு தள்ளிய பட்டினவரையோ, முத்தியால்பேட்டைக் கடைக்காரரையோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சென்ற இதழில் 1746ஆம் ஆண்டு முற்றுகையைப் பார்த்தோம். மொரீசியஸ் தீவின் ஆளுநர் லா பூர்தொனே கப்பற்படையோடு வந்து, செப்டம்பர் 21ஆம் தேதி கோட்டையைப் பிடித்தார். ஆங்கிலேயர் அப்போது பழைய நாட்காட்டியையே வைத்திருந்தார்கள். அவர்கள் கணக்கில் அது செப்டம்பர் 10. இந்தப் பதினொரு நாள் வித்தியாசம் அந்தக் காலத்து ஆவணங்கள் எல்லாவற்றிலும் வரும், வாசகர்கள் குழம்ப வேண்டாம். பிடித்தவர் ஊரைத் தானே வைத்துக்கொள்ள விரும்பவில்லை. 11 லட்சம் வராகன் மீட்புத்தொகை பெற்றுக்கொண்டு ஆங்கிலேயரிடமே கொடுத்துவிடுவதாக ஒப்பந்தம் பேசினார். புதுச்சேரியில் இருந்த ஆளுநர் துய்ப்ளே அதை ஏற்கவில்லை. அக்டோபரில் அடித்த புயல் லா பூர்தொனேயின் கப்பல்களைச் சிதறடித்தது. அவர் கரையை விட்டுப் போனதும் துய்ப்ளேயின் ஆட்கள் ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கினார்கள்.

நகரம் தனக்கு வரும் என்று காத்திருந்த ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன், தன் மகன் மாபூஸ்கான் தலைமையில் அனுப்பிய படையை அடையாற்றங்கரையில் சில நூறு பிரெஞ்சுச் சிப்பாய்களும் அவர்களோடிருந்த உள்நாட்டு வீரர்களும் விரட்டியடித்தார்கள். ஆங்கில ஆளுநர் நிக்கலஸ் மோர்ஸ் கைதியாகப் புதுச்சேரிக்குக் கொண்டுபோகப்பட்டார். இருபத்தோரு வயது எழுத்தர் ஒருவர் மாறுவேடம் போட்டுக் கடலூருக்குத் தப்பினார். ராபர்ட் கிளைவ் என்ற அவருடைய கதை பிறகு வரும்.

கோட்டைக்காரர்களின் கதை இவ்வளவே. ஊர்க்காரர்களின் கதை இதைவிட நீளமானது, எழுதப்பட்டதோ குறைவு. அவர்களைப் பற்றித் தமிழிலேயே நாள்தோறும் எழுதியவர் ஒருவர் உண்டு என்பது நமக்குக் கிடைத்த பேறு.

ஆனந்தரங்கப் பிள்ளை 1709இல் பிறந்தது பெரம்பூரில். அவர் தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை வணிகத்துக்காகப் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார். மகன் 1736 செப்டம்பர் முதல் நாட்குறிப்பு எழுதினார். துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிக முகவருமாக, உயர்ந்தார். தான் பிறந்த ஊரைத் தன் எஜமானர் பிடித்ததை அவர் புதுச்சேரியில் இருந்தபடி எழுதினார். என்ன சரக்கு வந்து இறங்கியது, யாருக்கு என்ன மரியாதை நடந்தது, ஆளுநரின் மனைவி எதில் தலையிட்டார், வணிகர்கள் எந்தப் பக்கம் நழுவினார்கள் என்பதெல்லாம் அந்த ஏடுகளில் இருக்கிறது. வெற்றி பெற்றவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டே தோற்ற ஊரின் நிலையைக் கவனித்த கண் அது. ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக 1904க்கும் 1928க்கும் இடையே சென்னை அரசாங்கமே அதை வெளியிட்டது.

துய்ப்ளேயின் எண்ணம் தெளிவானது. சென்னை வணிகர்கள் புதுச்சேரிக்கு வந்துவிட வேண்டும். அதற்கு உத்தரவு போட்டார். வராதவர்களின் வீடும் சரக்கும் பறிமுதல் என்றும் அறிவித்தார். வந்தவர்கள் சிலரே. மற்றவர்கள் டச்சுக்காரர்களின் பழவேற்காட்டுக்கும், நவாபின் பூந்தமல்லிக்கும், மயிலாப்பூருக்கும் போனார்கள். டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்குப் போனவர்களும் உண்டு. நகரத்தை விட்டுப் பத்து, இருபது மைல் நகர்ந்து உட்கார்ந்து என்ன ஆகிறதென்று பார்த்தார்கள். எஜமானர்கள் மாறுவதை அந்தக் கரை வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள். மாறிய எஜமானரின் ஊரில் போய்க் கடை போடுவதைவிட, மாறாத மூன்றாவது எஜமானரின் நிழலில் ஒதுங்கி நிற்பதில் ஆபத்து குறைவு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அர்மீனிய வணிகர் கோஜா பெத்ரோஸ் உஸ்கான் அப்படி ஒதுங்கியவர்களில் பெரியவர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் சொந்தப் பணத்தில் பாலம் கட்டியவர். மறைமலை அடிகள் பாலம் இன்று நிற்பது அந்த இடத்தில்தான். பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்தவரும் அவரே. பிரெஞ்சுக்காரர்கள் அவர் சொத்தைப் பிடித்துக்கொண்டு, புதுச்சேரிக்கு வந்தால் திருப்பித் தருகிறோம் என்றார்கள். அவர் மறுத்துத் தரங்கம்பாடிக்குப் போனார். வேப்பேரியில் வேலை செய்த ஜெர்மன் பாதிரியார் ஃபப்ரீசியுஸ் தன் பள்ளிப் பிள்ளைகளோடு பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார்.

ஊரில் எஞ்சியதைப் பிரெஞ்சுக்காரர்கள் என்ன செய்தார்கள்? கோட்டையின் வடசுவரை ஒட்டி, இடைவெளியே இல்லாமல், தமிழ், தெலுங்கு மக்களின் நகரம் இருந்தது. ஆங்கிலேயர் அதைக் கறுப்பர் நகரம் என்றார்கள். எதிரி அந்த வீடுகளில் மறைந்து சுவரை நெருங்கலாம் என்று, கோட்டைக்கு அடுத்திருந்த தெருக்களை இடித்துத் தரைமட்டமாக்கிச் சரிவு மேடு அமைத்தார்கள். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆளுநரின் தோட்ட மாளிகையையும் இடித்தார்கள். கடல் வாயிலிலிருந்து கோட்டைக்குள் வரும் வழியில், ஆளுநர் பிட் காலத்தில் 1732இல் நிறுத்திய பல்லாவரம் கருங்கல் தூண்கள் இருந்தன. அவற்றையும் கப்பலேற்றிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கல்லைக்கூட விடவில்லை.

ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில் அவர்களால் சென்னையை ஒரு துறைமுகமாக நடத்த முடியவில்லை. ஏன் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் மையம்.

சென்னைக்கு அப்போது துறைமுகமே கிடையாது. கடலுக்குள் கல் போட்டுத் தளம் கட்டும் வேலை 1870களில்தான் தொடங்கியது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே உருண்டு வரும் அலைகளை ஐரோப்பியப் படகு எதுவும் தாங்காது. ஆணி அடிக்காமல் பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்த மசூலாப் படகு மட்டுமே வளைந்து கொடுத்துத் தப்பும்; அதை ஓட்டக் கரையோர மீனவர்களால் மட்டுமே முடியும். மனிதர், பீப்பாய், வெள்ளிப் பெட்டி, துணிப் பொதி என ஒவ்வொன்றும் அவர்கள் கைவழியாகத்தான் இறங்கும், ஏறும். கோட்டையைப் பிடிக்கலாம், படகுக்காரர் வராவிட்டால் அந்தக் கோட்டை மணலில் நிற்கும் சுவர், அவ்வளவுதான்.

துணியின் வழி இதைவிட நீண்டது. கம்பெனி கிராமத்து நெசவாளியிடம் நேரே போகவில்லை. நகரத்துப் பெருவணிகர்களிடம் முன்பணம் கொடுக்கும். அவர்கள் தரகர்களுக்கு, தரகர்கள் ஊர்த் தலைமை நெசவாளர்களுக்கு, அவர்கள் தறிக்காரர்களுக்கு. பணம் நூலாகி, நூல் துணியாகித் திரும்பி வர மாதங்கள் ஆகும். வந்த துணியைக் கிடங்கில் மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பார்கள். பிறகு வண்ணார்கள் வெளுப்பார்கள். அந்தத் தொழிலின் பெயராலேயே ஒரு பேட்டை இன்றும் இருக்கிறது. சீட்டித் துணியென்றால் சாயவேரில் சிவப்பேற்றி, கையால் பூ வரைந்து, மறுபடி வெளுக்க வேண்டும். சிந்தாதிரிப்பேட்டையே இதற்காக 1734இல் நூற்பவர், நெய்பவர், வரைபவர், வெளுப்பவர் எல்லோரையும் ஒரே இடத்தில் வைக்க உண்டாக்கிய ஊர். இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் ஒருவரையொருவர் நம்பிக் கொடுக்கும் கடன். வணிகர் ஊரை விட்டுப் போனால் முன்பணம் நிற்கும். முன்பணம் நின்றால் தறி நிற்கும். அதை உத்தரவு போட்டு ஓட வைக்க முடியாது. துய்ப்ளே எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் இந்த இடத்தில் தோற்றார் என்றே சொல்லவேண்டும்.

1749 ஆகஸ்ட் 21. பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 1. தளபதி பாஸ்கவன் ஆங்கிலக் கொடியைக் கோட்டையில் மறுபடி ஏற்றினார். முந்தைய ஆண்டு புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியவர் அவர். உடன்படிக்கை எழுதிப் பத்து மாதம் கழித்துத்தான் நகரம் கைக்கு வந்தது. வடகிழக்குப் பருவமழைக்கு ஏழெட்டு வாரம்தான் மிச்சம். அக்டோபர் நடுவில் கப்பல்கள் இந்தக் கரையை விட்டு விலகிவிடும். ஆகவே அந்த ஆண்டு வணிகம் என்று பெரிதாக எதுவும் தொடங்க வழியில்லை. தொடங்கியது ஆட்கள் திரும்பி வருவதுதான்.

அவர்கள் திரும்பி வந்ததற்குக் கம்பெனியின் மேலுள்ள அன்பைக் காரணமாகச் சொல்ல முடியாது. உள்நாடு எரிந்துகொண்டிருந்தது. பிரெஞ்சுக் கணக்கில் ஆகஸ்ட் 3ஆம் தேதி ஆம்பூரில் நடந்த போரில் நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். நவாப் பதவிக்குச் சந்தா சாகிப் ஒருபுறம், அன்வருதீனின் மகன் முகமது அலி மறுபுறம். இருவருக்கும் பின்னால் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும். ஆர்க்காட்டுச் சீமை முழுவதும் யாருக்கு வரி கட்டுவது என்று தெரியாமல் தவித்தது.

திருவாலங்காட்டு வாசகர்களுக்குக் கடற்கரைக் கதை தூரத்தில் நடப்பதாகத் தோன்றலாம். இந்த மண்ணுக்கும் கடலுக்கும் உள்ள உறவோ பழையது. திருவாலங்காட்டுக் கோயிலுக்குப் பழையனூரைத் தேவதானமாக்கிய ராஜேந்திர சோழனின் செப்பேடுகள் 1905இல் கிடைத்தன. கடல் கடந்து கடாரத்தை வென்றதை அவற்றின் வடமொழிப் பகுதி சொல்கிறது. இங்கே இறைவனின் திருவடிக்கீழ் அமர்ந்த காரைக்கால் அம்மையார் துறைமுக ஊரின் வணிகர் மகள். அவர் கணவன் கப்பல் ஏறியவன் என்கிறது பெரியபுராணம். 18ஆம் நூற்றாண்டிலும் திருத்தணி, திருவாலங்காடு, ஆர்க்காடு வட்டாரத்தில் படை நடந்தால் அதன் அதிர்ச்சி சென்னைக் கடற்கரையில் சரக்கு வராமல் தெரியும். கடற்கரையில் கொடி மாறினால் உள்ளூர்த் தறியில் தெரியும். 1749இல் உள்நாட்டில் பாதுகாப்புக் குறைந்தது. இடிந்து கிடந்தாலும் பட்டணம் அதைவிட மேலாகத் தெரிந்தது. போனவர்கள் திரும்பியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

கம்பெனியே உடனே திரும்பவில்லை என்பது இன்னும் வியப்பு. நகரத்தை வாங்கிக்கொண்ட பிறகும் இரண்டரை ஆண்டு, 1752 வரைக்கும், ராஜதானியின் தலைமையிடம் கடலூர்ப் பக்கத்துச் செயின்ட் டேவிட் கோட்டையாகவே இருந்தது. சென்னை அதன் கீழ் ஒரு கிளை. ஆளுநர் தாமஸ் சாண்டர்ஸ் 1752இல் அலுவலகத்தை மாற்றிக்கொண்டு வந்தபோதுதான் சென்னை மறுபடி தலைநகர் ஆனது. அதற்குள் படகுக்காரரும் வணிகரும் தறிக்காரரும் தம் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். ஊர் முதலில் எழுந்தது, அரசாங்கம் பிறகு வந்தது.

மயிலாப்பூர்ச் சாந்தோமைப் பாஸ்கவன் 1749 அக்டோபரிலேயே கம்பெனியோடு சேர்த்துக்கொண்டார். துய்ப்ளே முந்திக்கொள்வார் என்ற பயம். அங்கே அந்தோனியோ நொரோஞா என்ற போர்த்துகீசியப் பாதிரியார் பிரெஞ்சுக்காரர்களுக்கு வேண்டியவர். அவரைப் பிடித்து ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றினார்கள்.

பழிவாங்கல் அங்கே நிற்கவில்லை. கோட்டைக்குள் 1642 முதல் கப்புச்சின் துறவிகள் புனித அந்திரேயா கோயிலை வைத்திருந்தார்கள். கம்பெனி அழைத்துக் குடிவைத்த துறவிகள்தான். பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்ற சந்தேகத்தில் அவர்களை வெளியேற்றி, கோயிலை இடித்தார்கள். கத்தோலிக்கர் கோட்டைக்குள்ளிருந்த வெள்ளையர் நகரத்தில் வீடு வைத்திருக்கக் கூடாது என்றார்கள். அர்மீனியர்களுக்கும் அதே கதி. பிரெஞ்சுக்காரர் ஆசை காட்டியும் புதுச்சேரிக்குப் போக மறுத்த உஸ்கானின் இனத்தாருக்கு இந்தக் கைம்மாறு! உஸ்கான் 1751 ஜனவரியில் இறந்தார். வேப்பேரியில் அவர் கட்டிய கத்தோலிக்கச் சிற்றாலயத்தை 1752இல் கம்பெனி எடுத்து, பழவேற்காட்டிலிருந்து திரும்பியிருந்த ஃபப்ரீசியுஸின் புராட்டஸ்டண்டு சபையிடம் கொடுத்தது. உஸ்கானின் கல்லறை இன்றும் அந்த வளாகத்தில், புனித மத்தியாஸ் கோயிலில் இருக்கிறது. ஆக்கிரமிப்பு முடிந்த நகரங்களில் எல்லாம் யார் எதிரிக்கு உதவினார்கள் என்ற விசாரணை எழும். உதவாதவர்களும் அதில் நசுங்குவார்கள். சென்னையில் நடந்தது அநியாயம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. கப்புச்சின்கள் கறுப்பர் நகரத்துக்கு, இன்றைய அர்மீனியன் தெருவுக்குப் போனார்கள். அர்மீனியர்களும் 1772இல் அதே தெருவில் தங்கள் கோயிலைக் கட்டிக்கொண்டார்கள்.

ஆளுநருக்குத் தோட்ட மாளிகை வேண்டுமே. இடித்ததைக் கட்டாமல், 1753இல் திருவல்லிக்கேணியில் அந்தோனியா மதைரோஸ் என்ற போர்த்துகீசிய விதவையின் வீட்டைக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அதுவே வளர்ந்து அரசினர் மாளிகை ஆயிற்று. பின்னாளில் ஓமந்தூரார் தோட்டம் என்று நாம் அழைப்பது அந்த இடத்தைத்தான். இப்போது அரசு பல்நோக்கு மருத்துவமனை இயங்கும் வளாகம்.

கோட்டைக்கு வருவோம். ஒரே வாரத்தில் விழுந்த கோட்டை இனி விழக்கூடாது என்பது லண்டனின் கட்டளை. பீரங்கிக் குண்டின் வேகத்தைக் கணித்துப் புகழ்பெற்ற கணித மேதை பெஞ்சமின் ராபின்ஸை 1750இல் அனுப்பினார்கள். அவர் வரைபடங்களைத் தொடங்கி வைத்துவிட்டு மறு ஆண்டே, 1751 ஜூலையில், செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். பிறகு வந்த பொறியாளர்கள் கோட்டையை மேற்கே அகலமாக்கினார்கள். அதற்காக அந்தப் பக்கம் ஓடிய ஆற்றின் போக்கையே மாற்றிப் பழைய படுகையைத் தூர்த்தார்கள். இன்று நாம் காணும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் வடிவம் அந்த வேலையின் விளைவு.

இனி வருவதுதான் கசப்பானது. 1756இல் மறுபடி ஐரோப்பியப் போர். பிரெஞ்சுக்காரர் பாதியில் விட்ட வேலையை இம்முறை ஆங்கிலேயரே எடுத்துக்கொண்டார்கள். கோட்டைக்கு வடக்கே சுடுவதற்குத் திறந்த வெளி வேண்டும் என்று, பழைய கறுப்பர் நகரத்தில் எஞ்சியிருந்ததை 1757இல் இடித்தார்கள். ஆக்கிரமிப்புக்குத் தப்பித்து, ஓடி, திரும்பி வந்து, குடித்தனத்தைத் தூக்கி நிறுத்திய குடும்பங்களின் வீடுகள் பத்து ஆண்டுக்குள் இரண்டாம் முறை போயின. நகரத்தின் பெருங்கோயிலான சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போனது. அந்த மைதானத்தின் மேல்தான் 1892இல் உயர் நீதிமன்றம் திறக்கப்பட்டது. வழக்குக்காக அங்கே போய்வருபவர்களில் எத்தனை பேருக்கு, கால் படும் இடத்தில் ஒரு காலத்தில் தேர் ஓடியது தெரிந்திருக்கும்?

மக்கள் மறுபடி வடக்கே நகர்ந்தார்கள். முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் புதிய கறுப்பர் நகரமாயின. கம்பெனியோடு வணிகம் செய்த தம்புச் செட்டி, லிங்கிச் செட்டி பெயர்களை இன்றும் அங்கே தெருக்கள் தாங்குகின்றன. கோயிலை மறுபடி எழுப்பும் பொறுப்பை ஆளுநர் பிகட்டின் துபாஷி மணலி முத்துகிருஷ்ண முதலியார் ஏற்றார். கம்பெனி இடமும் ஈட்டுத்தொகையும் தந்தது. அது போதாமல் முதலியார் தம் பணத்தையும் ஊரார் கொடையையும் சேர்த்தார். பூக்கடைப் பக்கம் சென்னகேசவர், சென்ன மல்லீசுவரர் என இரட்டைக் கோயிலாக அது எழுந்தது. ராம நாடகம் இயற்றிய அருணாசலக் கவிராயரை ஆதரித்த வள்ளலும் இவரே. இடித்த இடத்தில் மறுபடி யாரும் வீடு கட்டாதபடி 1773இல் கம்பெனி 13 எல்லைக் கம்பங்கள் நட்டது. அவற்றில் மிஞ்சிய ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரத்தில் நிற்கிறது. 1911இல் இந்தப் பகுதிக்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறியது.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தார். கறுப்பர் நகரத்தைக் கொள்ளையிட்ட அவர் படையால் இரண்டு மாதம் முயன்றும் புதிய கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் தென்பட்டதும் முற்றுகையை விட்டுவிட்டுப் போனார். சுவர் காத்தது உண்மை. அது காத்தது சுவருக்குள் இருந்தவர்களை. வெளியே இருந்த தமிழர் தெருக்கள் மறுபடியும் கொள்ளை போயின.

அதன் பிறகு காற்று திரும்பியது. ஆங்கிலத் தளபதி அயர் கூட் 1760இல் புதுச்சேரியை வளைத்தார். காரைக்கால் ஏற்கெனவே ஆங்கிலேயரிடம் விழுந்திருந்தது. அந்த நவம்பரில் நடந்ததை எந்த வரலாற்றாசிரியரும் தாண்டிப்போக முடியாது. உணவு தீர்ந்ததும் லாலி ஊருக்குள் இருந்த தமிழ் மக்கள் சுமார் 1,400 பேரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். ஆங்கிலப் படை அவர்களைத் திருப்பி விரட்டியது. இரு படைகளுக்கும் நடுவே, பெண்களும் குழந்தைகளும், புல்லையும் வேரையும் தின்று ஒரு வாரம் கிடந்தார்கள். கடைசியில் கூட் இரங்கி வழிவிட்டார். 1761 ஜனவரி 16இல் ஆங்கிலேயர் புதுச்சேரிக்குள் நுழைந்தார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடியிருந்தார்.

ஆளுநர் பிகட் 1746க்குக் கணக்குத் தீர்த்தார். புதுச்சேரிக் கோட்டையையும் நகரத்தையும் திட்டம் போட்டு இடித்தார்கள். கொண்டுபோன பல்லாவரம் தூண்கள் சென்னைக்குத் திரும்பின. தலைமைச் செயலகக் கட்டடத்தின் முகப்பில் நிற்கும் கருந்தூண்களில் பல அவையே. புதுச்சேரியில் பிடித்த அச்சுப்பொறி ஒன்று வேப்பேரிக்கு வந்து ஃபப்ரீசியுஸ் கைக்குப் போனது. அவர் அதில் தமிழ் நூல்களை அச்சிட்டார். அவர் தொகுத்த தமிழ் அகராதி 1779இல் வேப்பேரியில் வெளிவந்தது. போரின் கொள்ளைப் பொருள்களில் தமிழுக்கு நேரடியாகப் பயன்பட்டது இது ஒன்றாகத்தான் இருக்கும்.

1763 பாரிஸ் உடன்படிக்கைப்படி புதுச்சேரியும் காரைக்காலும் பிரான்சுக்குத் திரும்பின. 1765 ஏப்ரலில் லா த லொரிஸ்தோன் ஆளுநராக வந்து இறங்கியபோது கண்டது கற்குவியல். ஆனால் தெருக்களின் கோடு அழியவில்லை. 1693 முதல் டச்சுக்காரர்கள் ஆறு ஆண்டு புதுச்சேரியை ஆக்கிரமித்திருந்தபோது வரைந்த நேர்க்கோட்டுத் தெருக்கள் அவை. அதே அடித்தளங்களின் மேல், சுற்று வட்டாரத்துக் கிராமங்களில் நான்கு ஆண்டு காத்திருந்த மக்கள் வந்து கட்டினார்கள். சில மாதங்களுக்குள் வெள்ளையர் பகுதியில் 200 வீடுகளும் தமிழர் பகுதியில் 2,000 வீடுகளும் எழுந்தன என்கிறது அவர் காலத்துக் கணக்கு. ஒன்றுக்குப் பத்து. அந்த நகரத்தை யார் மறுபடி நகரமாக்கினார்கள் என்று அந்த எண்களே காட்டுகின்றன.

அந்த வீடுகள் எப்படி எழுந்தன, மரம் எங்கிருந்து வந்தது, வணிகர்களை லா எப்படி அழைத்தார் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம். ஆனந்தரங்கப் பிள்ளைக்குப் பின் அவர் தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை நாட்குறிப்பைத் தொடர்ந்தார். பிறகு வீராநாயக்கர் தம் நாட்குறிப்பை எழுதினார். இருவரும் நமக்குத் துணை வருவார்கள். புதுச்சேரி 1778இல் மீண்டும் ஆங்கிலேயரிடம் விழுந்தது, 1785இல் திரும்பியது, 1793இல் விழுந்தது, 1803லும் விழுந்தது. கடைசியாகப் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது 1816 டிசம்பரில்.